கடலோரப் பூங்காவைச் சுற்றிச் சாலை மிதிவண்டிப் பயணம்: புதியவர்கள் பாதை வகுத்துக்கொள்ளும் முறை

கடலோரப் பூங்காவைச் சுற்றிச் சாலை மிதிவண்டி ஓட்டத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வரைபடத்தைத் திறந்து, கரையை ஒட்டிய சாலையின் மீது ஒரு கோடு இழுத்து, எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தவுடன் பாதை தயாராகிவிட்டதாக எண்ணுகிறார்கள். மரங்களும் கட்டடங்களும் சூழ்ந்த உள்நாட்டுச் சாலைக்கு அது ஓரளவு போதும். கடலோரத்தில் பயணம் எளிதா கடினமா என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. நான் பழகத் தொடங்கிய நாட்களில், ஒரு பிற்பகலில் கரையோரமாக 20 கிலோமீட்டர் தூரத்தை 40 நிமிடங்களில் கடந்துவிட்டு, என் கால்கள் வலுப்பெற்றுவிட்டன என்று மகிழ்ந்தேன். அதே சாலையில் திரும்பி வர 80 நிமிடங்கள் ஆயின. போகும்போது காதில் காற்றின் இரைச்சல் சிறிதும் இல்லாமல் இருந்ததை அப்போது நான் பொருட்படுத்தவில்லை. வேகமாக ஓட்டும்போது காது அமைதியாக இருந்தால் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது என்று பொருள். அதை அறியாதவர்தான் கடலோரத்தில் வீட்டிலிருந்து வெகுதொலைவு போய்விடுகிறார்.

முதல் படி: காற்றைத் தெரிந்துகொள்ளுதல்

வெயில் ஏறும்போது நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. தெளிவான நாட்களில் இந்தக் கடற்காற்று முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் உச்சம் அடைந்து மாலையில் தணியும். இரவில் நிலக்காற்று எதிர்த்திசையில் மெல்ல வீசும். எனவே விடிந்ததும் புறப்பட்டு, முற்பகல் பாதியைத் தாண்டுவதற்குள் திரும்பிவிடும்படி திட்டமிடுவது புதியவருக்கு மிகப் பெரிய உதவி.

வானிலை அறிவிப்பில் காற்றின் திசையைப் படிக்கும்போது, அது எங்கிருந்து வருகிறது என்பதே குறிக்கப்படுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நம் மொழியின் பெயரிடலும் அதே முறையில்தான் அமைந்திருக்கிறது: வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்குக் காற்று என்று அறிவிப்பில் கண்டால், வடக்கு நோக்கிச் செல்லும் சாலை முழுவதும் எதிர்காற்று என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளலாம்.

வேகத்தைப் பொறுத்தவரை ஒரு கணக்கு உதவும். காற்றின் தடை, நமக்கும் காற்றுக்கும் இடையிலான வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறவருக்கு எதிரே 15 கிலோமீட்டர் வேகக் காற்று வந்தால், உடல் உணர்வது 40 கிலோமீட்டர் வேகக் காற்றை. தடை சுமார் இரண்டரை மடங்காகிவிடும். கருவி ஏதும் கையில் இல்லாவிட்டால், கண்ணால் காண்பதை வைத்துக் காற்றின் வேகத்தை மதிப்பிடும் பியூஃபோர்ட் அளவுகோலின் அடையாளங்களைப் பயன்படுத்தலாம். தூசியும் தாள் துண்டுகளும் எழும்பிச் சிறு கிளைகள் அசைந்தால் காற்று மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். இலையடர்ந்த சிறு மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கினால் 29 முதல் 38. பெரிய கிளைகள் அசைந்து, குடை பிடிப்பது சிரமமானால் அதற்கும் மேல். இந்த மூன்றில் இரண்டாவதாகச் சொன்ன நிலையில் புதியவர்கள் திறந்த கரைச் சாலையைத் தவிர்ப்பது நல்லது. மூன்றாவது நிலையில் மிதிவண்டியை வெளியே எடுக்க வேண்டாம்.

இரண்டாம் படி: பாதையின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தல்

போன வழியே திரும்பும் நேர்ப்பாதை வரைவதற்கு எளிது. ஆனால் களைத்துப்போனால் குறுக்கு வழி கிடைக்காது. நான் பரிந்துரைப்பது இரட்டை வளையம். பூங்காவின் வாகன நிறுத்துமிடத்தை நடுப்புள்ளியாக வைத்து, ஒரு பக்கம் 10 அல்லது 12 கிலோமீட்டரில் ஒரு வளையமும் மறுபக்கம் அதே அளவில் இன்னொரு வளையமும் வரைந்துகொள்ளுங்கள். முதல் வளையம் முடிந்து நடுப்புள்ளிக்கு வரும்போது குடிநீர் நிரப்பலாம், டயரைப் பார்த்துக்கொள்ளலாம், தெம்பு இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

ஒவ்வொரு வளையத்துக்கும் கரையோரப் பக்கம் ஒன்றும் உள்நாட்டுப் பக்கம் ஒன்றும் இருக்கும். கரைக்கு இணையாகக் காற்று வீசும் நாளில், காற்றை எதிர்த்துச் செல்ல வேண்டிய பகுதியை மரங்களும் வீடுகளும் மறைவு தரும் உள்நாட்டுச் சாலையிலும், காற்றோடு செல்லும் பகுதியைத் திறந்த கரைச் சாலையிலும் அமைத்துக்கொண்டால், அதே தூரம் கணிசமாக எளிதாகிவிடும். எதிர்காற்றுப் பகுதியை முதலில் முடித்துவிடுவதும் முக்கியம். தெம்புள்ள கால்கள் அதைத் தாங்கும்.

மூன்றாம் படி: வரைபடத்தில் கோடு போடுதல்

தன்னார்வலர்கள் தொகுக்கும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைப் பயன்படுத்தும் செயலிகளில் சாலையின் மேற்பரப்பு தார் தளமா, கற்பாதையா, மண்ணா என்ற விவரம் பல இடங்களில் பதிவாகியிருக்கும். மெல்லிய டயர் கொண்ட சாலை மிதிவண்டிக்கு இந்த விவரமே முதன்மையானது. அதைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பூங்காவுக்குள் ஓடும் பாதைகள் நடப்பவர்களும் குழந்தைகளும் பயன்படுத்துபவை. அவற்றை உடலைச் சூடேற்றவும் இறுதியில் மெல்ல ஓட்டி ஓயவும் வைத்துக்கொண்டு, வேகமான பகுதியை வெளிச் சாலையில் அமைக்க வேண்டும்.

செயலி காட்டும் ஏற்ற அளவைக் கடலோரத்தில் அப்படியே நம்பிவிடக் கூடாது. உலகளாவிய உயரத் தரவுகளில் பரவலாகப் பயன்படுவது 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடத்தின் ராடார் திரட்டியது. அதன் நுண்மை சுமார் 30 மீட்டர். செங்குத்தான பாறை விளிம்பில் ஓடும் சாலைக்கு, அந்த 30 மீட்டர் கட்டத்துக்குள் பாறை உச்சியும் கடல் மட்டமும் ஒன்றாகக் கலந்துவிடுவதால், இல்லாத ஏற்ற இறக்கங்கள் திரையில் தோன்றும். ஐயம் வந்தால் சமவுயரக் கோடுகளை எண்ணிப் பாருங்கள்: ஒரு கிலோமீட்டரில் 60 மீட்டர் ஏறினால் சரிவு 6 விழுக்காடு, பழகாத கால்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

பாதையை, வரைபடச் செயலிகள் படிக்கக்கூடிய ஜிபிஎக்ஸ் (GPX) கோப்பாகச் சேமித்து, வரைபடத்தையும் இணைய இணைப்பு இல்லாமல் திறக்கும்படி முன்னதாகவே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கடலை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது

வாகனங்கள் இடப்பக்கம் செல்லும் நாடுகளை வைத்து இதை விளக்குகிறேன். வலப்பக்கம் செல்லும் நாடுகளில் இருப்பவர்கள் அப்படியே மாற்றிக்கொள்ள வேண்டும். கடல் இடப்பக்கம் இருக்கும்படி ஓட்டினால், நிலப்பக்கக் கிளைச் சாலைகள் நம் விளிம்பில் வந்து சேர்வதில்லை. ஆனால் பூங்காவின் நுழைவாயில்களும் வாகன நிறுத்துமிடங்களும் அந்தப் பக்கமே இருப்பதால், நம்மை முந்திச் சென்ற கார் திடீரென இடப்பக்கம் திரும்பி வழியை அடைக்கும். வளையத்தை முடிக்க உள்நாட்டுக்குள் திரும்பும்போது எதிரே வரும் வாகனங்களையும் குறுக்கே கடக்க வேண்டும். கடலிலிருந்து வரும் பக்கக்காற்று நம்மைச் சாலையின் நடுவை நோக்கித் தள்ளும் என்பதும் கணக்கில் வர வேண்டியது. கடல் வலப்பக்கம் இருந்தால் இவை அனைத்தும் தலைகீழாகும்.

எது மேல் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. இரு பக்கமும் எத்தனை வாயில்கள், எத்தனை கிளைச் சாலைகள் என்று வரைபடத்தில் எண்ணி, குறைவான பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். காற்று ஒரு திசையையும் வாகனப் போக்கு இன்னொரு திசையையும் கேட்கும் நாளில், வாகனப் போக்கு கேட்பதையே ஏற்றுக்கொள்ளுங்கள். எதிர்காற்று களைப்பைத்தான் தரும்.

ஐந்தாம் படி: ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பார்த்தல்

முதல் முறை நேரத்தை அளக்காமல், தரையைப் பார்ப்பதற்காகவே செல்லுங்கள். மணல்மேட்டுக்கு இடையில் திறப்பு உள்ள இடங்களில், சாலை வளைவின் உட்பக்கம் மெல்லிய மணல் படலம் படிந்திருக்கும். தார் நிறத்திலிருந்து சற்றே வெளிறிய ஒரு பட்டை, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, மணலின் மேல் செல்லும்போது பிரேக் பிடிக்காமல், ஹேண்டில்பாரைத் திருப்பாமல், கைகளைத் தளர்த்தி நேராகக் கடக்க வேண்டும். அதே திறப்புகளில்தான் பக்கக்காற்றும் திடீரென அறையும். பாதையில் மரப்பலகைப் பாலம் இருந்தால், பலகைகள் பயணத் திசையிலேயே பதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் இடைவெளியில் டயர் சிக்கக்கூடும், இறங்கி நடந்துவிடுங்கள். ஈரப் பலகையிலும் அதுவே பாதுகாப்பு.

தாழ்வான சாலை அல்லது கழிமுகப் பாலம் பாதையில் இருந்தால் கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் வழக்கத்தைவிட மேலேறும்.

ஆறாம் படி: எடுத்துச் செல்ல வேண்டியவை

தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு, மாற்று ட்யூப், டயர் கழற்றும் நெம்புகோல், கைப்பம்பு, கைபேசி. தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். கடற்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் தாகம் தாமதமாகவே தெரியும். எனவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை நினைவு வைத்துக் குடியுங்கள்.

ஏழாம் படி: பயண நாள்

நேர்ப்பாதையில் சென்றாலும் வளையத்தில் சென்றாலும், திரும்பும் புள்ளியைக் கிலோமீட்டரால் வைக்காமல் கடிகாரத்தால் வையுங்கள். இரண்டு மணி நேரம் இருக்கிறது என்றால், எதிர்காற்றில் புறப்பட்டவர் 70 நிமிடத்தில் திரும்பலாம். பின்காற்றில் புறப்பட நேர்ந்தவர் 40 நிமிடத்திலேயே திரும்பிவிட வேண்டும். எதிர்காற்றில் வேகமானியைப் பார்க்காமல், ஒரு கியரைக் குறைத்து, முழங்கையை மடக்கி உடலைத் தாழ்த்தி, மூச்சு சீராக இருக்கும் அளவுக்கு மட்டும் பெடலை மிதியுங்கள். பக்கக்காற்றில் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். இறுக்கினால் ஒவ்வொரு வீச்சும் நேராக முன்சக்கரத்துக்குப் போய்ச் சேரும்.

எட்டாம் படி: திரும்பிய பின்

அன்றே மிதிவண்டியை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்வதால், மழையில் நனையாத சங்கிலிகூட ஓரிரு நாளில் செம்பழுப்பாக மாறும். தண்ணீரை மெல்ல ஊற்றினால் போதும். அழுத்தமாகப் பீய்ச்சினால் பேரிங்குகளுக்குள் உப்புநீர் புகுந்துவிடும். பிறகு துணியால் துடைத்து, முற்றிலும் உலர்ந்த சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சில சுற்றுகள் சுழற்றி, மேலே மிஞ்சிய எண்ணெயைத் துடைத்து எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அடுத்த பயணத்தின் மணல் அதில்தான் ஒட்டும்.