ரெஜிபோம் பிளேன் குப்புற விழுந்தால் எதை முதலில் பார்ப்பது

ரெஜிபோமில், அதாவது சாமான் பொதிகளில் வரும் வெள்ளை நுரைப் பலகையில், செய்த என் முதல் ரிமோட் பிளேன் மூன்று தடவை வரப்பில் மூக்கைக் குத்தியது. மூன்று தடவையும் மோட்டரைத்தான் திட்டினேன். மோட்டரில் ஒரு பிழையும் இல்லை, பாரம் வால் பக்கம் இருந்தது.

செய்வது பெரிய வித்தை இல்லை. 1 மீற்றர் நீளம், 20 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு இறக்கை, உள்ளே முறியாமல் இருக்க ஒரு மூங்கில் சீவல். 2212 மோட்டர் (1400 கேவி, அதாவது ஒரு வோல்ற்றுக்கு நிமிடத்துக்கு 1400 சுற்று), மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி, 8 அங்குல விசிறி, 3 செல் 2200 மில்லி ஆம்பியர்-மணி லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரி, மடல்களை அசைக்கும் சின்ன மோட்டரான சேர்வோ இறக்கைக்கு 2, வாலுக்கு 1. ஒட்டுவதற்கு சுப்பர் குளூ வேண்டாம். நான் தடவிய இடம் கண் முன்னாலேயே கரைந்து குழியாகிப் போனது, ஸ்பிரே பெயின்ரும் அப்படித்தான். குளூ கன் நல்லது, ஆனால் பிளேனை வெயிலில் போட்டுவைத்தால் அந்தப் பசையும் இளகிவிடும்.

இனி முக்கியமான வேலை. பற்றரியையும் உள்ளே வைத்து, இறக்கையின் முன் விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்ரிமீற்றர் உள்ளே, இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலைக் கொடுத்துத் தூக்குங்கள். நேராக நிற்கவேண்டும், அல்லது மூக்கு ஒரு துளி தாழ வேண்டும். வால் தாழ்ந்தால் பற்றரியை முன்னுக்குத் தள்ளுங்கள், ஈயம் கட்டுவது கடைசி வழி. மூக்குப் பாரமான பிளேன் சோம்பலாகவாவது பறக்கும், வால் பாரமானது கையை விட்டதும் மேலே எழும்பி, ஒரு கணம் தொங்கி, அப்படியே விழும்.

மோட்டர் சுத்துது, ஆனால் இழுக்கவில்லையா? விசிறியை மாறிப் பூட்டியிருப்பீர்கள், இலக்கம் எழுதிய பக்கம் பறக்கிற திசையைப் பார்க்கவேண்டும். மோட்டரே எதிர்ப்பக்கம் சுத்தினால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிக் கொடுங்கள். மோட்டர் எந்தப் பக்கம் சுத்துது என்று பார்ப்பது விசிறியைக் கழற்றிவிட்டுத்தான், விரல் திரும்ப முளைக்காது.

விடமுதல் ரிமோட்டின் நெம்பை வலப்பக்கம் தள்ளிப் பாருங்கள், வலது இறக்கையின் மடல் (பின் விளிம்பில் அசையும் துண்டு) மேலே எழவேண்டும். என் மருமகன் இதைப் பார்க்காமல் எறிந்து, பிளேன் நேரே மாட்டுக்கொட்டிலுக்குள் போனது.

இடம் என்றால் காலபோக அறுவடை முடிந்த வயல்தான், விடியக்காலையில். சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் பெட்டியிலேயே இருக்கட்டும். இலங்கை சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளை முதலில் பாருங்கள், இராணுவ முகாம் பக்கம் போகவே வேண்டாம். அக்கம்பக்கத்து வீடுகளிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போர்க்காலத்தில் கிபிர் குண்டுவீச்சு விமானத்தின் சத்தம் கேட்டு பங்கருக்குள் ஓடிய ஆட்கள் அங்கே இருக்கிறார்கள், மேலே என்ன இரைகிறது என்று அவர்கள் பதறக்கூடாது.

பறந்து திரும்பி உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரியும். உங்கள் கண்ணுக்கு எந்தப் பக்கத்து இறக்கை சரிகிறதோ, அந்தப் பக்கமே நெம்பைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும்.