மேக்னட் கடைசல்: டிராக்கில் ஓடும் 150 கப்சாய்க்கு

கப்சாயை, அதாவது 150 சிசி சின்ன மோட்டார்சைக்கிளை, டிராக்கில் ஓட்டத் தொடங்கும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, “அண்ணே, மேக்னட்டில் எத்தனை கிராம் எடுக்கலாம்?” மேக்னட் என்பது கிராங்கின் (பிஸ்டன் சுழற்றும் தண்டின்) முனையில் சுற்றும், உள்ளே காந்தம் ஒட்டிய இரும்புக் கிண்ணம். எடை குறைந்தால் எஞ்சின் சட்டென்று எழும்பும் என்றுதான் அதை லேத்தில் கடைகிறோம். எத்தனை கிராம் என்பதைவிட எங்கிருந்து எடுக்கிறோம் என்பதே முக்கியம். நடுவில் எவ்வளவு கடைந்தாலும் ஓட்டும்போது தெரியாது. விளிம்பில் கொஞ்சம் எடுத்தாலும் தெரியும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். சுற்றும் பொருளின் நிலைமம், அதாவது வேகம் மாற மறுக்கும் தன்மை, எடையோடும் ஆரத்தின் வர்க்கத்தோடும் கூடும். மையத்திலிருந்து 55 மில்லிமீட்டரில் எடுத்த 100 கிராம், அதில் பாதித் தூரத்தில் எடுத்த 400 கிராமுக்குச் சமம். ஐந்து கியர் 150 கப்சாயில் கிராங்கிலிருந்து பின்சக்கரம் வரை மொத்த விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற கிராங்க் எத்தனை சுற்று) முதல் கியரில் 25-ஐ ஒட்டியும், ஐந்தாவதில் 9-ஐ ஒட்டியும் இருக்கும். இதுவும் வர்க்கமாகத்தான் கணக்கில் வரும். ஆக, விளிம்பில் எடுத்த அந்த 100 கிராம், முதல் கியரில் வண்டியிலிருந்து இரண்டேகால் கிலோ இறக்கியதற்குச் சமம். ஐந்தாவதில் வெறும் 300 கிராம்தான். 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள செப்பாங் பெரிய டிராக்கில் டாப் ஸ்பீட் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கோ-கார்ட் டிராக்கில், வளைவுக்கு வளைவு கியரை இறக்கி ஏற்றும் இடத்தில்தான் இது கைகொடுக்கும். துரோட்டலைத் தொட்டதும் எஞ்சின் எழும்பும், கியர் இறக்கும்போது ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) சட்டென்று வந்து பொருந்தும்.

கிராங்கையே கடையலாமா? வேண்டாம். ஒற்றை சிலிண்டர் கிராங்கின் எதிர்எடையை பிஸ்டன், கனெக்டிங் ராட் எடைக்கு ஏற்பத்தான் வைத்திருக்கிறார்கள். அதில் கை வைத்தால் அதிர்வு மாறி பேரிங்கைத் தின்னும். மேக்னட்டோடு நிறுத்துங்கள். ரோட்டில் ஓடும் வண்டிக்கு இதுவும் வேண்டாம். கப் பிரிக்ஸ் என்ற மலேசிய கப்சாய்ப் பந்தயம் மாதிரி போட்டிக்குப் போகிறவர்கள் தங்கள் பிரிவின் விதியை முதலில் படித்துவிடுங்கள். மேக்னட் ஸ்டாண்டர்டாக இருக்க வேண்டும் என்று விதி இருந்தால் செலவழித்ததெல்லாம் வீண்.

கழற்றுவது: எண்ணெயை இறக்கி, இடது கவரைத் திறந்து, ஹோல்டரால் மேக்னட்டைப் பிடித்து நட்டைக் கழற்றுங்கள். மேக்னட்டை வெளியே எடுக்க உங்கள் வண்டிக்கான புல்லரை (இழுத்துக் கழற்றும் கருவியை) வாங்கியே ஆகவேண்டும். சுத்தியலால் தட்டினால் உள்ளே இருக்கும் காந்தக் கட்டி விரிசல் விடும், கிராங்கும் வளையலாம். மூன்று கால் புல்லர் எனக்குப் பிடிக்காது. விளிம்பைப் பிடித்து இழுத்து அதை வளைத்துவிடும். பின்னால் இருக்கும் ஸ்டார்ட்டர் கிளட்சைக் கழற்றித் தனியாக வையுங்கள். கிராங்கின் பள்ளத்தில் இருக்கும் சின்னச் சாவியையும் (மேக்னட் உட்கார வேண்டிய இடத்தைக் காட்டும் இரும்புத் துண்டு) அப்போதே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பிறகு சமையலறைத் தராசில் மேக்னட்டை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

இனி வருவதைத்தான் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். லேத்தில் பறக்கும் இரும்புத் தூள் முழுவதும் காந்தத்தைத் தேடித்தான் போகும். கடைந்து முடித்ததும் உள்ளே பார்த்தால் காந்தக் கட்டிகளின் ஓரமெல்லாம் கறுப்பு மயிர் முளைத்த மாதிரி நிற்கும். துணியால் துடைத்தால் போகாது. இந்தப் பக்கம் துடைத்தால் அந்தப் பக்கம் போய் ஒட்டும். காற்றடித்தாலும் பாதி அங்கேயே நிற்கும். அப்படியே மாட்டினால் தூள் மேக்னட்டுக்குள் இருக்கும் காயில் (மின்சாரம் தரும் கம்பிச் சுருள்) கம்பியின் வார்னிஷை உரசி ஷார்ட் ஆக்கும். காயில் எண்ணெயில் ஓடும் எஞ்சின் என்றால் எண்ணெயோடு பேரிங் வரைக்கும் போகும். ஆகவே லேத் கடைக்குப் போகும் முன்பே கிண்ணத்தின் உட்புறத்தை மாஸ்கிங் டேப்பால் இரண்டு சுற்று மூடி, வாயைப் பிளாஸ்டிசினால் அடைத்துவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் உருட்டி விளையாடுகிற அதே பிளாஸ்டிசின்தான். கடைந்த பிறகு முதலில் வெளிப்புறத்தைச் சுத்தம் செய்து, கடைசியாக டேப்பை உரியுங்கள். மிச்சம் ஒட்டியதைப் புதுப் பிளாஸ்டிசின் உருண்டையால் ஒற்றி ஒற்றி எடுங்கள். உருண்டை கறுப்பு படியாமல் வரும் வரைக்கும் நிறுத்தாதீர்கள்.

அடுத்தது கடைசல். பெஸ்தாரி ஜெயாவில், பழையவர்கள் சொல்லும் பத்தாங் பெர்ஜுந்தையில், லேத் கடைகளுக்குச் செம்பனை ஆலையும் தோட்டத்து டிராக்டரும்தான் பிழைப்பு. ஷாஃப்ட், புஷ் எல்லாம் அருமையாகக் கடைவார்கள். மேக்னட்டுக்கு மட்டும் கடை முதலாளி தவுக்கேயிடம் நின்று சொல்ல வேண்டும்: வெளிப்புறத்தைச் சக்கில் (லேத்தின் பிடியில்) பிடிக்கக் கூடாது. கிராங்கின் டேப்பர் (கூம்பாகச் சரியும் முனை) மாதிரியே ஒரு தண்டு கடைந்து, அதில் மேக்னட்டை வைத்து நட்டால் இறுக்கி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்த பிறகே உளி தொட வேண்டும். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் நான் சம்மதிக்க மாட்டேன். தண்டுக்குக் கூலி தனி. கொடுங்கள், அடுத்த மேக்னட்டுக்கும் அதே தண்டு உதவும். ஏன் இவ்வளவு கறார் என்றால், 11,000 ஆர்பிஎம்மில் 55 மில்லிமீட்டர் விளிம்பு மணிக்கு 228 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. அங்கே ஒரு கிராம் ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் ஏழு கிலோவுக்கு மேல் வெளியே இழுக்கும். பேலன்ஸ் பார்க்காமல் டிரில்லால் துளை போட்டு எடை குறைக்கும் வேலையை நான் ஒத்துக்கொள்ளாததும் இதனால்தான்.

எதைத் தொடக்கூடாது என்பதை மார்க்கரால் வரைந்தே கொடுங்கள். வெளிச்சுவரில் எழும்பி நிற்கும் பற்களை சென்சார் படித்துத்தான் கிராங்க் எங்கே இருக்கிறது என்று எஞ்சின் கணினிக்குச் சொல்கிறது. அவற்றையும் அவற்றைச் சுற்றிய இடத்தையும் தொடக்கூடாது. காந்தக் கட்டிக்கு நேர் பின்னால் உள்ள சுவரும் வெறும் எடை இல்லை. காந்தப்புலம் அந்த இரும்பு வழியாகத்தான் திரும்புகிறது. அது மெலிந்தால் சார்ஜிங் குறையும், வேகத்தில் பிளக்கும் அபாயமும் கூடும். எடுக்க வேண்டியது மூடிய பக்கத்தின் தோள்பட்டையில், காந்தத்தைத் தாண்டிய இடத்தில். மெல்லிசாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொல்லுங்கள். சூடேறினால் காந்தம் பலம் இழக்கும், ஒட்டியிருக்கும் பசையும் தளரும். முதல் முறை செய்கிறவர்களுக்கு 100 கிராம் போதும்.

மாட்டும்போது கிராங்கின் டேப்பரிலும் மேக்னட்டின் உள் டேப்பரிலும் எண்ணெய்ப் பசையே இருக்கக் கூடாது. பிரேக் கிளீனரால் துடையுங்கள். மேக்னட்டைப் பிடித்து நிறுத்துவது டேப்பரின் இறுக்கம்தான். சாவி இடம் காட்ட மட்டும். ஸ்டார்ட்டர் கிளட்ச் திருகுகளுக்கு லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போடுங்கள். நட்டைச் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள டார்க்குக்கு (இறுக்கும் அளவுக்கு) டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள், இம்பாக்ட் கன் வேண்டாம். ஐட்லிங்கில் எஞ்சின் அணைந்தால் கொஞ்சம் கூட்டி வையுங்கள். 5,000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனையில் மீட்டர் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் சார்ஜிங் சரி.

பின்சேர்க்கை: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி, கடைந்த பிறகு எஞ்சின் விளக்கு எரிகிறது, உயர் ஆர்பிஎம்மில் வெட்டுகிறது என்று எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஒரு பல்லின் மூலையில் உளி பட்டிருந்தது. அதை வெல்டிங் வைத்து நிரப்பக் கூடாது. அந்தச் சூட்டில் காந்தம் போய்விடும். வேறு மேக்னட்தான் வாங்க வேண்டும். கடைசலுக்கு எப்போதும் பழைய மேக்னட் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதற்காகவும்தான். வண்டியோடு வந்ததைக் கடையாமல் வைத்திருங்கள். மழை நாளில் அதையே மாட்டுவேன். ஈர டிராக்கில் துரோட்டல் திறக்கும்போது பின்சக்கரம் அவ்வளவு சீக்கிரம் வழுக்காது.