பின்குஷன் தைக்கும்போது நாம் விடும் பிழைகள்

ஊசி குத்திவைக்கும் பழைய பின்குஷனைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு பக்கத்தை வெட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இருந்தது கடையில் வாங்கியது, சிவப்புத் துணிக்குள் ஸ்பொஞ்ச். போன மழைக்காலத்தில் அதைப் பிரித்தேன். ஸ்பொஞ்ச் மஞ்சள் மாவாக உதிர்ந்து விரலில் ஒட்டியது. மாவுக்குள் 11 ஊசிகள். "எடுத்த இடத்தில் வைக்கிறதே இல்லை" என்று பிள்ளைகளை நான் ஏசிய ஊசிகள் எல்லாம் அங்கேதான் படுத்திருந்தன, பாதிக்கு மேல் துரு.

ஸ்பொஞ்ச் ஈரக்காற்றில் வருடக்கணக்காகக் கிடந்தால் இப்படித்தான் இற்றுப்போகும். இலங்கை மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் மே மாதம் பிடிக்கும் மழை செப்டெம்பர் வரைக்கும் இழுக்கும். கொடியில் போட்ட துவாய் மூன்று நாளானாலும் காயாது. இங்கே பின்குஷன் என்றால் முதலில் ஊசியைத் துருவிலிருந்து காப்பாற்றும் பை. பூனை, முயல், பூ என்ற வடிவமெல்லாம் அதற்குப் பிறகு. நாம் தலைகீழாகத் தொடங்குகிறோம், மணியும் லேசும் தேடி வாங்கிவிட்டு உள்ளே கைக்குக் கிடைத்ததை அடைக்கிறோம்.

கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் மருந்துக்கடைப் பஞ்சு. காயத்து ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே செய்த பொருள் அது. காற்றிலுள்ள ஈரத்தை மட்டும் விட்டுவைக்குமா? அரிசி அடைத்தால் வண்டு வரும், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எலியும் வரும். தையல் மிச்சத் துணியைத் துண்டு துண்டாக அடைத்தால் ஊசி பாதி வழியில் முட்டி நிற்கும்.

தேயிலை ஊரில் இருந்துகொண்டு தேயிலைச் சக்கையை அடைத்துப் பார்க்காமல் இருக்க முடியுமா? நானும் பார்த்தேன். வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துத்தான் அடைத்தேன். ஆனால் தேயிலையின் குணம் ஃபெக்டரியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். சூடுகாட்டி ஈரத்தை நூற்றுக்கு 3 அளவுக்கு இறக்கிய பிறகு காற்றுப் படாமல் பொதி கட்டுவார்கள், திறந்து கிடந்தால் விட்ட ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்பதால். போதாததற்கு, தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு மை மாதிரி ஆகிவிடும். மகளின் வெள்ளை யூனிஃபோமில் விளிம்பு மடித்துக் குண்டூசி குத்தினேன். கழற்றியபோது ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மிளகளவு கறுப்புப் பொட்டு. இரண்டு முறை துவைத்தும் போகவில்லை. கோப்பிச் சக்கையையும் நான் நம்பமாட்டேன்.

என் கணக்கில் நல்லது பழைய கம்பளி. கொழுந்தெடுக்கப் போகும்போது தலையில் போட்ட கம்பளித் துண்டோ கிழிந்த சுவெட்டரோ போதும். ஆட்டு ரோமத்தில் இயல்பாகவே ஓர் எண்ணெய்ப்பசை உண்டு, துவைக்கத் துவைக்கக் குறைந்தாலும் ஊசி அதற்குள் சுகமாக இறங்கும். ஆனால் சுவெட்டர் எல்லாம் கம்பளி இல்லை. ஒரு நூலை உருவி நெருப்புக்குச்சியில் காட்டுங்கள். முடி கருகும் நாற்றம் அடித்துச் சாம்பல் நொறுங்கினால் கம்பளி. உருகிக் கட்டியாக உருண்டால் செயற்கை நூல். அதை அடைத்தாலும் கெடுதல் இல்லை, ஊசி சற்று லூசாக நிற்கும், அவ்வளவுதான். எதுவானாலும் அரை அங்குலத்துக்கும் சிறிதாக நறுக்கவேண்டும்.

எங்கள் அம்மாயி சீவி விழுந்த முடியைத் துணியில் பொதிந்து அதில்தான் ஊசி குத்தி வைப்பார். தலை எண்ணெய் ஏறிய அந்த ஊசிகளில் துரு பார்த்த ஞாபகம் எனக்கில்லை. வெள்ளைக்காரர் வீடுகளிலும் ஒரு காலத்தில் முடி அடைத்த பின்குஷன் இருந்ததுதான். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

அடுத்த பிழை அளவு. வட்டமாக வெட்டி ஓரத்தில் நூலோட்டிச் சுருக்குவதுதான் சுலபம், ஆனால் வட்டத்தைப் பார்த்து உருண்டையை மதிப்பிட்டுவிடுவோம். 8 அங்குல வட்டத்தைச் சுருக்கினால் இரண்டரை அங்குல உருண்டைதான் வரும். 5 அங்குலத்தில் வெட்டினால் எலுமிச்சங்காயளவு. நீள ஊசியைக் குத்தினால் மறுபக்கம் வந்து தொடையில் ஏறும். மாஜரின் டப்பா மூடியை வட்டமாக நறுக்கி அடியில் வைத்துவிட்டால் அந்தப் பயமில்லை. சுருக்கும் நூல் இரட்டையாக இருக்கட்டும். கொஞ்சங் கொஞ்சமாக, பென்சில் முனையால் இடித்து இடித்து அடையுங்கள். 'இனி இடமில்லை' என்று தோன்றும்போது இன்னும் இரண்டு பிடி போகும். கல்லுப்போல் இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் தொய்ந்துவிடும், ஊசிக் காதும் உள்ளே புதைந்துவிடும்.

துணி நெருக்கமாக நெய்த பருத்தியாக இருக்கட்டும். டீசேர்ட் துணி இழுபடும், சாட்டினில் ஒவ்வொரு குத்தும் தழும்பாக நிற்கும்.

வடிவத்துக்கு நுவரெலியா மரக்கறிக்கூடையைப் பார்த்தாலே போதும். பீட்ரூட் அருமை: உருண்டை, மேலே சுருக்கம் விழுந்த இடத்தைப் பச்சை இலை மறைத்துவிடும். கரட் பார்க்க அழகுதான், நுனிக்குள் ஒன்றும் அடைபடாது. இலையைப் பசையால் ஒட்டாதீர்கள். பசை இறுகிய இடத்தில் ஊசி முறியும். தக்காளி வடிவப் பின்குஷனில் தொங்கும் குட்டி ஸ்ட்ரோபெரியைப் பார்த்துச் சிலர் அதற்குள்ளும் பஞ்சு வைப்பார்கள். அது குண்டூசி குத்துவதற்கு இல்லை. உள்ளே எமரி என்ற சொரசொரப்பான கல்தூள் இருக்கும், ஊசியை நாலைந்து தரம் குத்தி எடுத்தால் துரு கழன்று முனை தீட்டுப்படும்.

தைத்து முடித்த கையோடு பிஸ்கட் டின்னில் போட்டு மூடாதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் டின் அதை அப்படியே பிடித்துவைக்கும். ஒருநாள் நல்ல வெயில் காட்டிவிட்டு மூடுங்கள்.

நான் முதலில் தைத்தது பூனைக்குட்டி. கறுப்பு மணிக் கண், கம்பளி வால், பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஒருநாள் தங்கச்சியின் சின்ன மகன் அதைத் தூக்கிக் கன்னத்தோடு அணைக்கப் போனான். ஊசி அவன் கன்னத்தில் ஏறுவதற்கு முன் என் உள்ளங்கையில் ஏறியது. அன்றைக்கே ஊசிகளைக் கழற்றி, உள்ளேயும் ஒன்றில்லை என்று பிசைந்து பார்த்து, பூனையை அவனிடமே கொடுத்துவிட்டேன்.