கேப் போடாத பல்லுக்குக் கட்டிய பணம்: பெங்களூரில் திரும்பக் கேட்பது எப்படி

ரூட் கேனல் (பல்லின் வேருக்குள் சுத்தம் செய்து அடைப்பது), கேப் (அந்தப் பல்லின் மேல் பொருத்தும் உறை) இரண்டையும் சேர்த்து ‘பேக்கேஜ்’ என்று சொல்லி முழுப் பணத்தையும் முதல் நாளே வாங்கிக்கொள்வது பெங்களூரு பல் கிளினிக்குகளில் சகஜம். சிக்கல் பிறகுதான் ஆரம்பிக்கும். இரண்டு சிட்டிங்குக்கு அப்புறம் டாக்டர் வேலையை விட்டுப் போயிருப்பார். இல்லையென்றால் ‘லேபிலிருந்து கேப் இன்னும் வரலை’ என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள். பணத்தைக் கேட்டால் ரிசப்ஷனில் ‘நோ ரீஃபண்ட்’ என்று ரசீதின் அடியில் அச்சடித்த வரியைக் காட்டுவார்கள். அந்த ஒரு வரியால் உங்கள் உரிமை போய்விடாது.

முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள்

‘வேலையைச் செய்யவில்லை’ என்பது ஒரு புகார். ‘வேலையைச் சரியாகச் செய்யவில்லை’ என்பது வேறு புகார். பலர் கோபத்தில் இரண்டையும் ஒரே கடிதத்தில் கொட்டிவிடுகிறார்கள். இரண்டாவதை நிரூபிக்க இன்னொரு பல் மருத்துவரின் கருத்து வேண்டும், விவாதம் நீளும். முதலாவதுக்கு ரசீதும் வாயும் போதும்: கேப்புக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள், பல்லில் கேப் இல்லை. உங்களிடம் இந்தச் சுலபமான வழக்கு இருந்தால், வலித்தது, மரியாதையில்லாமல் பேசினார்கள் என்பதையெல்லாம் அதில் கலக்காதீர்கள்.

படி 1: பல்லின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

சீட்டில் 36, 46 என்று எழுதியிருப்பது பல்லின் முகவரி. முதல் இலக்கம் வாயின் கால்பகுதி: 1 மேல் வலது, 2 மேல் இடது, 3 கீழ் இடது, 4 கீழ் வலது. இரண்டாம் இலக்கம் முன்பக்க நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. ஆக 36 என்றால் கீழ் இடப்பக்கம் ஆறாவது, அதாவது முதல் பெரிய கடைவாய்ப்பல். ‘இடப்பக்கப் பல்லு’ என்று எழுதினால் நாளைக்கு வேறு பல்லைக் காட்டி ‘இதுக்குத்தான் செய்தோம்’ என்பார்கள். எண்ணோடு எழுதுங்கள்.

படி 2: காகிதம் சேருங்கள்

ரசீது, சிகிச்சைத் திட்டம், எக்ஸ்ரே, வாட்ஸ்அப் உரையாடல், பணம் போன வழி. யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். பேக்கேஜாக ஒரே தொகை போட்டிருந்தால், தனித்தனியாகப் பிரித்த பில்லையும் சிகிச்சைக் குறிப்பின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். ரசீதே தரவில்லை என்றால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்: பில் கொடுக்காமலிருப்பதை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது.

பில்லில் ஒன்றைப் பாருங்கள். நோய்க்கான பல் சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது. ரூட் கேனலுக்கு 18 சதவீதம் சேர்த்திருந்தால் அதையும் கேட்கலாம். அழகுக்காகப் பல்லை வெளுப்பாக்குவது போன்றவை இந்த விலக்கில் வராது.

ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்பதும் முக்கியம். போர்டில் ஒரு பெயர், ரசீதில் வேறு கம்பெனி பெயர் என்பது சங்கிலிக் கிளினிக்குகளில் வழக்கம். பணம் வாங்கியவர் பெயருக்குத்தான் கடிதம் போக வேண்டும்.

படி 3: வேறு டாக்டரிடம் போகும் முன் எக்ஸ்ரே

அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். வலி தாங்காமல் இன்னொரு கிளினிக்கில் போய் மீதி வேலையை முடித்துவிடுவார்கள். முடித்ததும் பழைய நிலைக்கான சாட்சி போய்விடும். புது டாக்டர் பல்லைத் தொடுவதற்கு முன்பே அந்தப் பல்லை மட்டும் சின்ன எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரேயில் என்ன தெரியும்? ரூட் கேனல் முடிந்த பல்லில் வேருக்குள் நுனிவரை வெள்ளைக் கோடு ஓடும், அது உள்ளே அடைத்த கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருள். கீழ்க் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு கால்வாய்கள் இருக்கும். மேலே தற்காலிக அடைப்பு மட்டும் வெள்ளையாக இருந்து, வேருக்குள் கோடே இல்லை என்றால் அடைப்பு வேலை நடக்கவில்லை என்று நினைக்க இடமுண்டு. கேப் போட்டிருந்தால் பல்லின் தலையில் பளிச்சென்று தொப்பி போலத் தெரியும். ஆனால் நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். சில தற்காலிக மருந்துகளும் வேரில் வெள்ளையாகத் தெரியும். ‘36-ம் பல், கேப் இல்லை, வேர் அடைப்பு இல்லை’ என்று தேதியோடு இரண்டே வரி புது டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். பழைய டாக்டரைக் குறை சொல்லி எழுதக் கேட்டால் மறுப்பார். பார்த்ததை எழுதச் சொன்னால் எழுதுவார்.

சாட்சி கையில் வந்ததும் பல்லைக் கவனியுங்கள். ரூட் கேனல் செய்த கடைவாய்ப்பல் கேப் இல்லாமல் கிடந்தால் உடையலாம். பணம் வரட்டும் என்று காத்திருந்து பல்லைப் பறிகொடுக்க வேண்டாம்.

படி 4: நியாயமான கணக்கு

ஒரு உதாரணம். மொத்தம் ரூ.14,000 கட்டியிருக்கிறீர்கள்: எக்ஸ்ரே 500, ரூட் கேனல் 5,500, ஜிர்கோனியா கேப் 8,000. ரூட் கேனல் முடிந்தது, கேப்புக்கு அளவே எடுக்கவில்லை. கேட்க வேண்டியது ரூ.8,000. முழுப் பதினாலாயிரத்தையும் கேட்டால் நீங்கள் கேட்பதே பேராசை போலத் தெரியும், பேச்சும் அங்கேயே நின்றுவிடும்.

அளவு எடுத்து, லேபில் கேப் தயாராகி, நீங்கள் போகாமல் இருந்தால் கதை வேறு. லேப் செலவைக் கழிக்க கிளினிக்குக்கு நியாயம் உண்டு. ஆனால் லேப் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். வாய்வார்த்தையில் கழிக்க விடாதீர்கள். பல்லுக்குக் கிளிப் போடும் சிகிச்சை பாதியில் நின்றால் மாதக் கணக்கில் சமமாக வகுக்க முடியாது. கம்பி ஒட்டும் ஆரம்ப வேலையிலேயே செலவு அதிகம். எனவே செய்த வேலை எது, பாக்கி எது என்று எழுதித் தரச் சொல்லிப் பேசுங்கள்.

படி 5: எழுத்தில் கேளுங்கள்

கவுன்டரில் ‘ட்ரீட்மென்ட் ஆகில்ல, ஹண வாபஸ் கொடி’ என்று கன்னடத்தில் கேட்டால் பேச்சு சுமுகமாகப் போகும், ஆனால் பதிவு இருக்காது. அன்றைக்கே வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்புங்கள், ஆங்கிலத்தில் அல்லது கன்னடத்தில். விஷயம் இவ்வளவுதான்:

‘இந்தத் தேதியில், இந்த ரசீது எண்ணில், 36-ம் பல்லின் கேப்புக்கு ரூ.8,000 செலுத்தினேன். இன்றுவரை கேப் பொருத்தப்படவில்லை. இந்தத் தேதிகளில் அப்பாயின்ட்மென்ட் கேட்டேன். 15 நாளுக்குள் தொகையை என் கணக்குக்குத் திருப்பி அனுப்பவும்.’

மூன்றாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கிளினிக் முதலில் சொல்லப்போவது ‘பேஷன்ட்தான் வரலை’ என்பதே. பதில் இல்லையென்றால் அதையே கடிதமாக்கி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, டெலிவரி ஆன விவரத்தைச் சேமியுங்கள். பாதித் தொகை கொடுத்து ‘முழுமையாகத் தீர்ந்தது’ என்ற தாளில் கையெழுத்து கேட்டால், அத்தோடு விடத் தயார் என்றால் மட்டும் போடுங்கள்.

படி 6: கார்டிலோ ஈஎம்ஐயிலோ கட்டியிருந்தால்

கார்டு என்றால் ‘சேவை கிடைக்கவில்லை’ என்று வங்கியில் சார்ஜ்பேக் கேளுங்கள், அதாவது கார்டில் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது. இதற்குக் காலக்கெடு உண்டு, வழக்கமாக 120 நாள். கிளினிக் இழுத்தடிக்கும்போது அதுதான் கரைகிறது.

ஈஎம்ஐ என்றால் கடன் கொடுத்தது வேறு நிறுவனம், அது கிளினிக்குக்கு எப்போதோ பணம் கொடுத்திருக்கும். கோபத்தில் தவணையை நிறுத்தினால் அடிபடுவது உங்கள் சிபில் மதிப்பெண். தவணையைக் கட்டிக்கொண்டே, சிகிச்சை நடக்கவில்லை என்று அந்த நிறுவனத்துக்கும் மெயில் போடுங்கள்.

படி 7: வெளியே புகார்

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்கள் கிளினிக்கைத் தொடர்புகொண்டு சமரசம் செய்வார்கள், உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது.

கர்நாடகத்தில் பல் கிளினிக்குகளும் 2007-ம் ஆண்டு தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வேண்டும், கட்டணப் பட்டியலை வைக்க வேண்டும். பதிவு இல்லை, பட்டியல் இல்லை என்றால் மாவட்ட அதிகாரக் குழுவிடம் புகார் தரலாம். அதன் தலைவர் மாவட்ட துணை ஆணையர், தமிழ்நாட்டில் கலெக்டர் போல. மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில் டாக்டரின் நடத்தையை விசாரிக்கும். பணம் வாங்கித்தராது. அங்கே முதலில் போய் மாதங்களை வீணாக்கியவர்கள் உண்டு.

பணம் வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகத் தாக்கல் செய்யலாம். புகார், பிரமாணப் பத்திரம், ரசீது, கடிதங்கள், எக்ஸ்ரே, படி 3-ல் வாங்கிய இரண்டு வரி, எல்லாவற்றுக்கும் பக்க எண் போட்டு ஒரே பிடிஎஃப். தமிழில் இருக்கும் வாட்ஸ்அப் செய்திகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேருங்கள். எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், அதிகபட்சம் இன்னும் 15 நாள். தீர்ப்பு மூன்று மாதத்தில் என்று சட்டம் சொன்னாலும் அதைவிட நீளும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலக்கெடு இரண்டு வருடம். கிளினிக்குக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தால் அது நீளாது.

இலவச அரசு மருத்துவமனைக்கு இந்த வழி பொருந்தாது. கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது, ஆகவே ‘டாக்டர் மேல கன்ஸ்யூமர் கேஸ் போட முடியாது’ என்று ரிசப்ஷனில் சொன்னால் கேட்டுக்கொண்டு, ரசீதின் நகலை மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.