அடகுச் சீட்டும் குடும்ப ஜெபமும்: மீளும் குடும்பத்தின் கதையை எழுதும் முறை

ஜெபத்தால் குடும்பம் மீள்வதைச் சொல்லும் கதைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. மனைவி முழங்கால் போடுகிறாள். அடுத்த பத்தியில் கணவன் கண்ணீரோடு வாசலில் நிற்கிறான். நடுவில் எதுவும் நடப்பதில்லை. ஜெபத்தை முழுசாக நம்புகிற வாசகருக்கே இது ஒட்டாது, அவர் வீட்டில் அப்படி நடந்ததில்லை. வருஷக்கணக்கில் ஜெபித்தும் வீடு அப்படியே கிடக்கிற வாசகருக்கோ, ‘உன் விசுவாசம் போதவில்லை’ என்று சொல்லாமல் சொல்கிற கதையாகிவிடும். அதனால் எழுத உட்காரும்முன் ஒன்றை முடிவுசெய்துகொள்ளுங்கள்: ஜெபம் முதலில் தொடுவது ஜெபிக்கிறவரை. எதிரில் இருப்பவர் மாறுவது அவருடைய சொந்தத் தீர்மானம். அதற்குக் கதையில் தனிக் காட்சி வேண்டும், அதற்கு அவர் ஏதாவது விலை கொடுக்கவும் வேண்டும்.

வேதம் இப்படித்தான் கதை சொல்கிறது. 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில், பிள்ளையில்லாமல் அழுது ஜெபிக்கும் அன்னாளின் உதடுகள் மட்டும் அசைகின்றன, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியரான ஏலி அவளைக் குடித்தவள் என்று நினைக்கிறார். எழுந்து போனவள் சாப்பிடுகிறாள். அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை. பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அவளை மனமடிவாக்கிய பெனின்னாள், கணவனின் இன்னொரு மனைவி, அதே குடும்பத்தில்தான் இருக்கிறாள். பதில் வருவதற்கு முன்பே அன்னாள் வேறு ஆளாகிவிட்டாள் என்பதை, அவள் சாப்பிட்டாள் என்ற ஒரே வார்த்தையில் காட்டியாகிவிட்டது. உங்கள் கதையில் வரும் ஒவ்வொரு ஜெபத்துக்குப் பின்னாலும் அப்படி ஒரு ‘சாப்பிட்டாள்’ இருக்கட்டும்.

உடைந்தது என்ன, எவ்வளவு

‘குடும்பத்தில் சமாதானம் இல்லை’ என்று தொடங்கினால் கதை நகராது. ஒரே ஒரு உடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அதை எண்ணிச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க ஒரு குடும்பத்தை மாதிரியாக வைத்துக்கொள்வோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து வாடகை வீட்டில் இருக்கிறவர்கள். அவர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், அவள் நர்சரி பள்ளி டீச்சர். மகள் பத்தாம் வகுப்பு. அவருடைய அம்மாவும் கூட இருக்கிறார். ஷேர் வியாபாரத்தில் பணம் போன பிறகு, மனைவிக்குத் தெரியாமல் அவளுடைய எட்டுப் பவுனை அவர் அடகு வைத்திருக்கிறார். நான்கு சீட்டு, ஒவ்வொன்றும் 50,000 ரூபாய்.

முதல் காட்சியில் அழுகையோ, ‘கல்யாணமான புதிதில்’ என்ற பழங்கதையோ வேண்டாம். ஞாயிறு ஆராதனையில் பாட்டு எண் சொல்கிறார்கள். அவள் வீட்டுப் பாமாலையைத் திறக்கிறாள், நடுவிலிருந்து அடகுச் சீட்டுகள் வழுக்கி விழுகின்றன. யாரும் தேட மாட்டார்கள் என்று அவர் ஒளித்து வைத்த இடம் அது. அந்த நேரத்தில் அவளால் கேட்க முடியாது, உட்காரவும் முடியாது. எல்லோரோடும் நின்று பாடியாக வேண்டும். குனிந்து எடுத்து எண்ணுகிறாள்: மூன்று. நான்காவது சீட்டு எங்கே என்பது அவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அதைக் கடைசிவரை பத்திரப்படுத்துங்கள்.

கடனுக்குப் பதில் குடியை எடுத்தால் மருத்துவத்தைச் சரியாக எழுதுங்கள். பல வருஷம் தினமும் நிறையக் குடித்தவர் ஒரே இரவில் நிறுத்தினால் முதல் நாளே கை நடுக்கமும் வியர்வையும் வரும். வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது வரைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ‘ஜெபித்தார், விட்டார், மறுநாள் வேலைக்குப் போனார்’ என்று எழுதினால் அதை நம்பி ஒரு வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள்.

நான்கு ஜெபங்கள்

இரண்டாயிரம் வார்த்தைச் சிறுகதைக்கு நான்கு ஜெபங்கள் போதும். ஒவ்வொன்றும் ஐந்து வரிக்குள் இருக்கட்டும். நீண்ட ஜெபத்தைக் கண்ணை மூடிக் கேட்கலாம். கண்ணைத் திறந்து வாசிக்கிறவர் தாண்டிப் போய்விடுவார்.

முதல் ஜெபம் சண்டையாக இருக்க வேண்டும். இதைப் பலர் எழுதத் தயங்குகிறார்கள். ஆனால் நம் வீடுகளில் நிஜமாக நடப்பது இதுதான். இரவு ஒன்பது மணி, பாய் விரித்துக் குடும்ப ஜெபம். நேராகச் சொல்ல முடியாததை ஆண்டவரிடம் சொல்வதுபோலப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்கிறோம்:

“ஆண்டவரே, இந்த வீட்டுல பொய் பேசுற நாவை நீர் கட்டும். சிலருக்குக் கண்ணைத் திறந்து காட்டும்.”

அந்தச் ‘சிலருக்கு’ யார் என்று பாயில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். மகள் ஒரு கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்க்கட்டும். அவர் ‘ஆமென்’ சொல்லாமல் எழுந்து போகட்டும். மாமியார் மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாக ‘ஆமென்’ சொல்லட்டும். ஜெபமே இந்த வீட்டில் ஆயுதமாகிவிட்டது என்பது வாசகருக்குப் புரிந்துவிடும், நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, தனியாகச் செய்வது. “இவரைத் திருத்தும் ஆண்டவரே. எப்படியாச்சும் திருத்தும்.” இதில் பொய் இல்லை, ஆனால் அவள் இன்னும் அதில் வரவில்லை. இந்த ஜெபத்துக்குப் பின் ஒன்றும் மாறக் கூடாது. காலையில் டிபன் பாக்ஸை டேபிளில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் போகிறாள், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் கதையின் முதுகெலும்பு:

“எனக்கு இவர்மேல இருந்த மதிப்பு போயிடுச்சு ஆண்டவரே. ஜெபிக்கிறப்பகூட வெறுப்புதான் வருது. அதை எங்க வைக்கிறதுன்னு தெரியல.”

‘இவரை’ என்று தொடங்கிய ஜெபம் ‘எனக்கு’ என்று ஆகியிருக்கிறது. கதை திரும்புவது அந்த ஒரு சொல்லில்தான். எழுதி முடித்ததும் மூன்று ஜெபங்களையும் அருகருகே வைத்து ‘இவர்’ எத்தனை, ‘நான்’ எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கணக்கு மாறவில்லை என்றால் கதையும் மாறவில்லை. இதற்குப் பின் ஒரு செயல் வேண்டும், சின்னதாக. மன்னித்துவிட்டேன் என்று அவள் அறிவிக்க வேண்டாம். மூன்று சீட்டையும் பாமாலைக்குள்ளிருந்து எடுத்து, அவர் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, “இது எவ்வளவு, எப்போ வட்டி கட்டணும், சொல்லுங்க” என்று கேட்கிறாள். குரலில் குத்தல் இல்லை. அந்த வித்தியாசத்தை அவர் உணர்கிறார். அவருக்கு அதுதான் தாங்க முடியாமல் போகிறது.

நான்காவது அவருடையது. அவருக்குச் சரளமாக ஜெபிக்க வராது. வாக்கியம் உடைந்து உடைந்து வரட்டும்: “ஆண்டவரே… நான்… மூணு சீட்டு இல்ல. நாலு.” ஜெபமும் பாவ அறிக்கையும் ஒரே வாக்கியமாக விழுகிறது. கேட்டவுடன் அவள் அவரைக் கட்டிக்கொள்ளக் கூடாது. எழுந்து அடுப்படிக்குப் போய் நிற்கிறாள். உண்மை வெளியே வந்த அன்றைக்குத்தான் வலி கூடும். அதை விழுங்கிவிட்டு உடனே சமாதானத்துக்குத் தாவினால் நம்பகம் போய்விடும்.

யார் வாயில் எந்தத் தமிழ்

சபை மாறினால் பேச்சும் மாறும், இங்கே ஒரு சொல் தப்பினாலும் வாசகர் பிடித்துவிடுவார். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டுப் பெரியவர் ஜெபித்தால் “அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரமபிதாவே” என்று பழைய வேத மொழிபெயர்ப்பின் நடையில் வரும். பெந்தெகொஸ்தே வீட்டில் “ஸ்தோத்திரம் அப்பா, நன்றி அப்பா” என்று அடுக்கி வரும். கத்தோலிக்கர் வீட்டில் அது ‘செபம்’; மாலையில் செபமாலை உருளும், சங்கீதம் 51 அங்கே திருப்பாடல் 51. கர்த்தருடைய ஜெபம் ஒருவருக்கு “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே”, மற்றவருக்கு “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே”. திருநெல்வேலிப் பக்கம் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வார்கள். வேறிடத்தில் பாஸ்டர், கத்தோலிக்கருக்கு ஃபாதர். ஒரு கதைக்கு ஒரு சபையைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

வசனம் இரண்டு போதும், மூன்றாவது வந்தால் பிரசங்கமாகிவிடும். நினைவிலிருந்து எழுதாமல் புத்தகத்தைத் திறந்து எழுத்துக்கு எழுத்துச் சரிபாருங்கள். இந்தக் கதைக்கு 1 பேதுரு 3:7 நன்றாகப் பொருந்தும். மனைவியைக் கனமாய் நடத்தச் சொல்லிவிட்டு, “உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு” என்று காரணமும் சொல்கிறது. அவளை ஏமாற்றிக்கொண்டே ஜெபித்தால் அந்த ஜெபமே தடைபடுகிறது என்று அவருக்குத் தைப்பது அங்கேதான். பெண்ணுக்கு அடங்கிப்போகச் சொல்லும் வசனங்களை மட்டும் எடுத்து எழுதுகிறவர்கள் இந்த வசனத்தை எப்படியோ விட்டுவிடுகிறார்கள்.

ஐயர் பாத்திரம் வந்தால் ஆறு வாக்கியத்துக்கு மேல் பேசவிடாதீர்கள். நல்ல போதகர் கதையில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போவார்: “நீங்க ரெண்டு பேரும் கடைசியா எப்போம்மா சேர்ந்து ஜெபிச்சீங்க?” மாமியாரை வில்லி ஆக்காதீர்கள். மகன் கெட்டுப்போனதில் அவருக்கும் பயம் உண்டு. அந்தப் பயத்துக்கு ஒரு வரி கொடுத்தால் அவர் உயிரோடு வந்துவிடுவார்.

விபத்தையோ பிள்ளைக்கு வரும் காய்ச்சலையோ வைத்து அவரை மனந்திரும்ப வைக்கும் வழி மிகவும் தேய்ந்தது, விசுவாசத்துக்கும் ஒவ்வாதது. “அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல” என்று யோவான் 9-இல் இயேசு சொன்ன பிறகு, அப்பாவின் தப்புக்கு மகளைப் படுக்கையில் போட நமக்கு உரிமை இல்லை.

அடி விழும் வீட்டைப் பற்றி எழுதினால்

இங்கே கவனம் தேவை. அடி வாங்கிக்கொண்டே பொறுமையாக ஜெபித்தாள், கடைசியில் அவன் திருந்தினான் என்ற கதை எத்தனையோ பெண்களை ஆபத்தான வீட்டுக்குள்ளேயே நிறுத்தியிருக்கிறது. கை நீட்டுகிறவன் வீட்டில் அவள் முதலில் வெளியேறட்டும். தாய்வீடோ, சபையில் ஒரு குடும்பமோ, பெண்கள் உதவி எண் 181-ஓ, பாதுகாப்பான ஒரு வழி கதைக்குள்ளேயே இருக்கட்டும். அங்கிருந்தும் ஜெபிக்கலாம், ஜெபத்துக்கு ஒரே கூரை தேவையில்லை. அவன் மாறினானா என்று பார்க்க நாட்களை அல்ல, மாதங்களைக் கொடுங்கள். சேராமலே முடிந்தாலும் அது ஜெபம் தோற்ற கதை ஆகாது.

விஷயம் கோர்ட் வரை போனால் ஒரு கால அளவு தானாகக் கிடைக்கும். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் 2001 திருத்தத்தில்தான் 10ஏ பிரிவு வந்தது: இருவரும் சம்மதித்துப் பிரிவது. மனுப் போட்டபின் சட்டப்படி ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. குடும்ப நல நீதிமன்றத்தில் கவுன்சலிங்கும் நடக்கும். ஒரு குறுநாவலுக்கு அந்த ஆறு மாதமே நல்ல சட்டகம்.

காலமும் கணக்கும்

எதிர்பாராத பணம் வந்து கடன் தீர்வதாக எழுதாதீர்கள். கணக்குப் போடுங்கள். இரண்டு லட்சத்துக்கு வருஷம் 12 சதவீதம் என்றால் மாதம் 2,000 ரூபாய் வட்டி. ஷேர் ஆப்பை அழித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தவிர ஓவர்டைம் பார்த்து மாதம் 7,000 ஒதுக்கினால், வட்டி போக 5,000 மிச்சம். ஒரு சீட்டை மீட்கப் பத்து மாதம் ஆகும். நான்கையும் மீட்க ஏறக்குறைய மூன்று வருஷம். கதை முடியும்போது ஒரே ஒரு சீட்டுத்தான் திரும்பி வந்திருக்கும்: இரண்டு பவுன் செயின். அதுவே போதும்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களைச் சட்டகமாக வைப்பது வசதியானது. சாம்பல் புதனில் தொடங்கி, ஞாயிறுகளை விட்டுவிட்டு எண்ணினால் நாற்பது நாள். ஆனால் ஒப்புரவை ஈஸ்டர் காலையில் வைக்காதீர்கள், வாசகர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். ஈஸ்டருக்கு அடுத்த வாரத்தில், சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமையில் வையுங்கள். காத்திருப்பை நீட்டவும் பயப்பட வேண்டாம். ஈசாக்கு ரெபெக்காளை மணந்தது நாற்பது வயதில், பிள்ளைகள் பிறந்தது அறுபதில். ஆதியாகமம் 25-இல் ‘மனைவிக்காக வேண்டுதல் செய்தான்’ என்ற ஒரே வசனத்துக்குள் இருபது வருஷம் அடங்கியிருக்கிறது. பதில் வந்த பிறகும் அப்பாவுக்கு ஒரு மகன், அம்மாவுக்கு ஒரு மகன் என்று அந்த வீடு பிரிந்தது.

எல்லோரும் ஒரே நாளில் மீள்வதில்லை. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித மோனிக்காவின் ஜெபங்கள் நல்ல சான்று: முன்கோபக்காரரான கணவர் பத்ரீசியு சாவதற்குச் சற்றுமுன் ஞானஸ்நானம் பெற்றார், மகன் அகுஸ்தீன் மிலானில் பெற்றது 387-இல்தான், அதே வருஷம் மோனிக்கா ஓஸ்தியாவில் இறந்தார். உங்கள் கதையிலும் மனைவி அவரோடு பேசத் தொடங்கிய பிறகு, மகள் பேசாமலே இருக்கட்டும். டியூஷன் ஃபீஸுக்கு அப்பா பணம் நீட்டும்போது “இது யார்ட்ட வாங்கினது?” என்று அவள் கேட்கட்டும். பிள்ளைகளின் நம்பிக்கைதான் கடைசியாகத் திரும்பும்.

கடைசிக் காட்சி பாயில் நடக்கட்டும், அதே ஒன்பது மணி. இம்முறை யார் ஜெபிப்பது என்று யாரும் சொல்லவில்லை. மகள் பாமாலையைத் திறந்து எண் சொல்கிறாள், கதையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பாட்டு வேண்டாம், ‘ஆமென்’ வேண்டாம்.

எழுதியபின் ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு ஜெபங்களை மட்டும் வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வெட்டுங்கள். ஒப்புரவாகாமல் தனியாக வாழும் ஒரு சகோதரியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தன்னைக் குற்றவாளியாக்குவதாக எந்த வரியில் உணர்கிறார் என்று மட்டும் கேளுங்கள், அந்த வரியை எடுத்துவிடுங்கள். தலைப்பைக் கடைசியில் வைக்கலாம். ‘ஜெபத்தின் வல்லமை’ என்று வைத்தால் முடிவைச் சொல்லிவிட்டீர்கள் என்று அர்த்தம். ‘நாலாவது சீட்டு’ என்று வைத்தால் வாசிக்கிறவர் மூன்றைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குவார்.