மாட்ரிட்டுக்கு இரண்டாம் முறை: தெரிந்த ஊர்தானே என்று கிளம்பாதீர்கள்

2014-இல் முதல் முறை மாட்ரிட் போனபோது எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போனேன். பத்து வருடம் கழித்துப் போனபோது எதையும் பார்க்கவில்லை. தெரிந்த ஊர்தானே!

முதல் அடி மெட்ரோ வாசலிலேயே விழுந்தது. பர்ஸில் பத்திரமாக வைத்திருந்த பழைய காகித டிக்கெட் செல்லாக்காசாகிவிட்டது. இப்போது சிவப்பு நிற 'மல்டி' அட்டைதான், விலை 2.50 யூரோ. ஆளுக்கொன்று வாங்கிவிடாதீர்கள். ஒரே அட்டையில் பத்துப் பயணம் ஏற்றிக் குடும்பமே மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டு போகலாம்.

அதற்கும் முன்னால் விசா. 2024 ஏப்ரலிலிருந்து இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா (ஸ்பெயின் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) விதி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விசாவை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்தது இரண்டு வருட விசாவாகவே கிடைக்கலாம். பழைய பாஸ்போர்ட்டைப் பரணில் போட்டுவிட்டு, அந்த விசாப் பக்கங்களின் நகல் இல்லாமல் விண்ணப்பிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஊருக்குள் வருவோம். போன தடவை ஓடி ஓடிப் பார்த்ததையே மறுபடியும் ஓடிப் பார்ப்பதுதான் என் கணக்கில் பெரிய தவறு. பிராடோ அருங்காட்சியகத்தில் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் இலவசம். அதற்கு நீள வரிசை. முதல் தடவைக்கு அது சரி. இந்தத் தடவை காசு கொடுத்துக் காலையிலேயே போங்கள். ஸ்பானிய ஓவியர் கோயாவின் 'கருப்பு ஓவியங்கள்' இருக்கும் இடத்தில் நிதானமாக நில்லுங்கள். பதினான்கையும் அவர் வயதான காலத்தில் தன் வீட்டுச் சுவர்களில் தீட்டினார். துணிக்கு மாற்றியதெல்லாம் அவர் காலத்துக்குப் பிறகு. அவற்றில் ஒன்றான, மகனைத் தின்னும் ரோமானியக் கடவுள் சாட்டர்னைப் பத்து நிமிடம் பார்த்தால் ராத்திரி சாப்பாடு இறங்காது.

இறங்காவிட்டாலும் அவசரமில்லை, அங்கே ஒன்பது மணிக்கு மேல்தான் இரவு உணவே. ஏழு மணிக்குச் சாப்பாடு போடும் கடை அநேகமாகச் சுற்றுலாக்காரர்களை நம்பித் திறந்த கடை. மாட்ரிட் இருப்பது லண்டனுக்கும் மேற்கே. ஆனால் 1940-இலிருந்து கடிகாரம் பெர்லினோடு ஓடுகிறது. ஜூனில் பொழுது சாயவே ஒன்பதே முக்கால் ஆகிவிடும். மதியம் இரண்டு மணிக்கு மேல் 'மெனு தெல் தியா' (ஒரே விலைக்கு முழுச் சாப்பாடு) சாப்பிட்டுவிட்டால் மலிவு, ராத்திரி வரை வயிறும் தாங்கும்.

சைவக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கலவை சாலட் கேட்டால் மேலே சூரை மீன் உட்கார்ந்திருக்கும். நம் பருப்பு மாதிரி தெரியும் 'லெந்தேஹாஸ்' கிண்ணத்தில் பன்றி சாசேஜ் மிதக்கும். சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது; 'சின் அத்தூன், சின் ஹாமோன், சின் சொரீசோ' (சூரை வேண்டாம், பன்றித்தொடை வேண்டாம், பன்றி சாசேஜ் வேண்டாம்) என்று பெயர் சொல்லி விலக்க வேண்டும்.

அப்புறம், பிக்காசோவின் புகழ்பெற்ற போர் ஓவியம் குவெர்னிக்கா. போன தடவை கைபேசியை உயர்த்தியதுமே காவலர் ஓடி வந்து தடுத்தார். 2023 முதல் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம் என்று கேள்விப்பட்டு ஆசையாகக் கிளம்பினேன். அது இருக்கும் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. நான் போனது செவ்வாய்.