டிஆர்எம் இல்லாத கேம் வாங்கிப் பத்திரப்படுத்துவது எப்படி?

காசு கொடுத்து வாங்கிய கேம் நம் கையில் இருக்க வேண்டும். விற்ற கடை மூடினாலும், நெட் இல்லாவிட்டாலும், கம்ப்யூட்டரை மாற்றினாலும் அது ஓட வேண்டும். இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். தனியாக உட்கார்ந்து விளையாடும் கேம் எதையும் டிஆர்எம் எனப்படும் நகல் தடுப்போடு வாங்குவதில்லை. அப்படி வாங்குவது எப்படி, வாங்கியதைப் பத்து வருடம் கழித்தும் ஓடும்படி எடுத்து வைப்பது எப்படி என்று நிறையப் பேர் கேட்டதால் இந்தப் பதிவு. கணக்கு தொடங்குவது, பணம் கட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: உங்கள் எல்லையை முதலில் முடிவு செய்யுங்கள்

டிஆர்எம் வேண்டாம் என்று சொல்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. பெரிய கேம்களில் கூடுதலாகப் போடும் டெனுவோ என்ற நகல் தடுப்பு மட்டும் வேண்டாம், ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையும் அதன் செயலியும் பரவாயில்லை என்பவர்கள் ஒரு பக்கம். ஸ்டீமில் வாங்கினாலும் ஸ்டீமைத் திறக்காமலே கேம் ஓட வேண்டும் என்பவர்கள் அடுத்து. தனி இன்ஸ்டாலர் கோப்பாகக் கையில் வந்தால்தான் வாங்குவேன் என்பவர்கள் அதற்கும் மேலே. இவர்களையும் தாண்டி, கேமுக்குள் ஒரே ஒரு ஆயுதம் சர்வரோடு பேசினால்தான் திறக்கும் என்றாலும் ஒதுக்கிவிடுகிற கூட்டம் உண்டு.

அந்தக் கடைசிக் கூட்டத்தின் பலம் 2021-இல் தெரிந்தது. 2016-இல் வந்த ஹிட்மேன் கேமை 2021 செப்டம்பரில் ஜிஓஜி தளத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஜிஓஜி என்றாலே டிஆர்எம் கிடையாது என்பதுதான் 2008-இலிருந்து அந்தக் கடையின் வாக்குறுதி. ஹிட்மேனும் நெட் இல்லாமல் திறக்கத்தான் செய்தது. ஆனால் புது ஆயுதங்களும் தொடங்கும் இடங்களும் திறக்க வேண்டுமானால் சர்வரோடு இணைந்திருக்க வேண்டும். வாங்கியவர்கள் கொதித்துப்போய் மதிப்பெண்ணைத் தரையில் தள்ளினார்கள். அக்டோபரில் ஜிஓஜி அந்தக் கேமைக் கடையிலிருந்தே எடுத்தது, அந்த நிலையில் வெளியிட்டிருக்கக் கூடாது என்றும் ஒப்புக்கொண்டது.

இவ்வளவு கறார் தேவையா என்று கேட்பவர்களுக்கு தி க்ரூ கேமின் கதை போதும். 2014-இல் வந்த கார் பந்தயக் கேம் அது. தனியாக ஓட்டினாலும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் சர்வரை நிறுத்தியது. அதோடு கேம் செத்தது. பெட்டியும் டிஸ்க்கும் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். பிறகு, வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையே எடுத்துவிட்டார்கள். கேம்களைக் கொல்லாதே என்று யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய இயக்கம் இதிலிருந்து பிறந்ததுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் வைத்த மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது.

என் எல்லை: தனியாள் கேம் என்றால் இன்ஸ்டாலர் கோப்பு கட்டாயம். நண்பர்களோடு ஆன்லைனில் மட்டுமே ஆடும் கேம் என்றால் ஸ்டீம் பரவாயில்லை. அது எப்படியும் சர்வரை நம்பித்தான் இருக்கிறது.

படி 2: கடைப் பக்கத்தின் ஓரத்தைப் படியுங்கள்

ஸ்டீமில் ஒரு கேமின் பக்கத்தைத் திறந்தால் வலது ஓரத்தில் ஒரு பெட்டி வரும். மூன்றாம் தரப்பு டிஆர்எம் இருக்கிறது, டெனுவோ இருக்கிறது, வேறு நிறுவனத்தின் கணக்கு வேண்டும் என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கும். ட்ரெய்லரைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். அந்தப் பெட்டியில் வருவது *மூன்றாம் தரப்பு* டிஆர்எம் மட்டும். ஸ்டீமுக்கென்று சொந்தமாக ஒரு நகல் தடுப்பு உண்டு, அதைப் போடுவதா வேண்டாமா என்று தயாரிப்பாளர் முடிவு செய்கிறார். அது இருந்தால் அந்தப் பெட்டியில் வராது. ஆகவே பெட்டி காலியாக இருப்பதை வைத்து டிஆர்எம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

இதற்கு நான் நம்புவது பிசி கேமிங் விக்கி. ஒவ்வொரு கேமுக்கும் எந்தக் கடையில் வாங்கினால் எந்தத் தடுப்பு என்று ஒரு அட்டவணை போட்டிருப்பார்கள். ஸ்டீமிலேயே டிஆர்எம் இல்லாமல் கிடைக்கும் கேம்களின் பட்டியலும் அங்கே இருக்கிறது. வாங்குவதற்கு முன் இந்தத் தளத்தைப் பார்க்காமல் நான் ஒரு ரூபாய் கூடக் கட்டுவதில்லை.

படி 3: கடை

ஜிஓஜிதான் முதலில். த விட்சர் கேம்களை எடுத்த போலந்து நிறுவனமான சிடி ப்ராஜெக்ட் தொடங்கியது. சைபர்பங்க் 2077, பால்டர்ஸ் கேட் 3 போன்ற பெரிய கேம்களும் அங்கே தடுப்பில்லாமல் கிடைக்கின்றன. சின்னச் சின்ன இண்டி கேம்களுக்கு இட்ச் டாட் ஐஓ. அங்கே சில கேம்களுக்கு டவுன்லோட் இல்லாமல் ஸ்டீம் கீ (ஸ்டீமில் போட்டுத் திறக்கும் குறியீடு) மட்டும் தருவார்கள், பார்த்து வாங்குங்கள். ஹம்பிள் தளமும் ஆரம்பத்தில் டிஆர்எம் இல்லாத கேம்களால் பேர் வாங்கியதுதான். இப்போது அங்கே பெரும்பாலும் ஸ்டீம் கீதான்.

ஜிஓஜியிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். ஆன்லைனில் மட்டுமே ஆடும் க்வென்ட் மாதிரிக் கேமும் அங்கே உண்டு.

படி 4: இன்ஸ்டாலரை இறக்குவது

அதிகம் பேர் வழுக்கி விழுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

கேமை வாங்கியதும் ஜிஓஜி உங்களை கேலக்ஸி என்ற செயலியின் பக்கம் தள்ளும். கேலக்ஸியில் இன்ஸ்டால் பொத்தானை அழுத்தினால் கேம் வரும், ஓடும். ஆனால் எடுத்து வைத்துக்கொள்ள இன்ஸ்டாலர் கோப்பு உங்களிடம் இருக்காது. ஜிஓஜியில் வாங்கிவிட்டோம், இனி கவலையில்லை என்று பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது வேறு. தளத்தில் உங்கள் லைப்ரரிக்குப் போய், கேமைத் திறந்து, ஆஃப்லைன் பேக்கப் இன்ஸ்டாலர் என்ற பகுதியைத் தேடுங்கள். அங்கே முதலில் விண்டோஸா, மேக்கா, லினக்ஸா என்பதையும் அப்புறம் மொழியையும் தேர்ந்தெடுங்கள்.

இப்போது கோப்புகளின் பட்டியல் தெரியும். சின்னக் கேம் என்றால் செட்அப் என்று தொடங்கும் ஒரே ஒரு இஎக்ஸ்இ கோப்பு. பெரிய கேம் என்றால் அந்த இஎக்ஸ்இயோடு வால் பிடித்ததுபோல் வரிசை எண் போட்ட .bin கோப்புகள் வரும். ஒவ்வொன்றும் 4 ஜிபி வரை இருக்கும். நூறு ஜிபியைத் தாண்டும் பால்டர்ஸ் கேட் 3 மாதிரியான கேமுக்கு எத்தனை கோப்பு வரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். *எல்லாவற்றையும்* இறக்க வேண்டும். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். பெயரை மாற்றக் கூடாது. ஒரு கோப்பு குறைந்தாலும், பாதியில் அறுந்திருந்தாலும் இன்ஸ்டால் நடுவழியில் நிற்கும்.

அடுத்தது, டிஎல்சி எனப்படும் கூடுதல் பகுதிகள். கூடுதல் கதைகளை நீங்கள் ஒரே பொதியாக வாங்கியிருந்தாலும் இன்ஸ்டாலர் பட்டியலில் பெரும்பாலும் அவை தனித்தனிக் கோப்பாகவே இருக்கும், பட்டியலில் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். முதலில் மூல கேமை நிறுவி, அப்புறம் டிஎல்சிகளை நிறுவுங்கள். இரண்டின் பதிப்பு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். கோப்பின் பெயரிலேயே அந்த எண் இருக்கும்.

ப்ரௌசரில் ஒவ்வொன்றாகச் சொடுக்கி இறக்குவது சின்னக் கேமுக்குச் சரி. பெரிய கேமுக்கு வேண்டாம், அறுந்தால் கடுப்பாகிவிடும். லினக்ஸ் இருந்தால் எல்ஜிஓஜிடவுன்லோடர் என்ற கட்டளைவரிக் கருவியைப் பயன்படுத்துங்கள். இறக்கியது முழுதாக இருக்கிறதா என்று அதுவே சரிபார்க்கும், அறுந்ததைச் சரிசெய்யும். இந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி இல்லை என்பது என் கருத்து.

படி 5: நெட்டைப் பிடுங்கிச் சோதியுங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ரௌட்டரை அணையுங்கள். முடிந்தால் வேறு கம்ப்யூட்டரில், இல்லையென்றால் வேறு ஃபோல்டரில் இன்ஸ்டால் செய்யுங்கள். கேமைத் திறந்து, சேமித்து, மூடி, மறுபடி திறந்து பாருங்கள். எல்லாம் நெட் இல்லாமலே நடந்தால் அது உங்கள் கேம்.

வாங்கிய உடனே சோதிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜிஓஜியில் 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், விளையாடிப் பார்த்திருந்தாலும் கேட்கலாம். ஸ்டீமில் 14 நாள், அதுவும் இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடியிருந்தால்தான். ஸ்டீம் கேம் என்றால் ஸ்டீமை முழுதாக மூடிவிட்டு, கேம் ஃபோல்டரில் உள்ள இஎக்ஸ்இயை நேராகச் சொடுக்குங்கள். ஸ்டீம் தானாகத் திறந்துகொண்டால் உங்கள் எல்லையைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

படி 6: எடுத்து வைப்பது

இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே இருந்தால் இன்னும் நல்லது. வருடக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடக்கப் போகிறது என்றால் எஸ்எஸ்டியை நான் நம்புவதில்லை. 7-ஜிப் செயலி நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது சொடுக்கில் எஸ்எச்ஏ-256 மதிப்பு (கோப்பின் கைரேகை மாதிரி) எடுக்கலாம். அதை ஒரு உரைக் கோப்பில் கேமோடு சேர்த்து வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை மறுபடி எடுத்து ஒப்பிட்டால் கோப்பு கெட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

புதுப் பதிப்பு வந்தால் பழைய இன்ஸ்டாலரை அழிக்காதீர்கள். ஜிடிஏ 4 வெளிவந்து பத்து வருடம் ஆனதும், 2018-இல், பாட்டுகளின் உரிமம் முடிந்தது என்று ஒரு அப்டேட்டில் பல பாட்டுகளைத் தூக்கிவிட்டார்கள். வாங்கும்போது இருந்த கேம் அப்படியே வேண்டுமானால் அந்தப் பதிப்பு உங்கள் டிஸ்க்கில் இருக்க வேண்டும்.

தடுப்பு இல்லை என்பதற்காக இன்ஸ்டாலரை டெலிகிராம் குழுவில் போடாதீர்கள். வாங்குகிறவரை நம்பித்தான் இப்படி விற்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுத்தால் அடுத்த கேம் டெனுவோவோடு வரும்.

பின்சேர்க்கை 1: "டிஸ்க் வாங்கினால் போதாதா?" என்று கேட்டிருந்தார்கள். போதாது. சேஃப்டிஸ்க் தடுப்போடு வந்த பழைய டிஸ்க்குகளை விண்டோஸ் 10 ஏற்பதில்லை, அந்தத் தடுப்புக்கான ட்ரைவரையே பாதுகாப்புக் காரணத்துக்காக மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது. நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-இல் கேம்-கீ கார்டு என்று ஒரு வகை விற்கிறார்கள். கார்டுக்குள் கேம் கிடையாது, நெட்டிலிருந்துதான் இறங்கும். பெட்டியின் முன்பக்கத்தில் எழுதியிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

பின்சேர்க்கை 2: பென் ட்ரைவில் நகல் எடுத்தபோது ஒரு கோப்பு மட்டும் ஏறவில்லை என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பென் ட்ரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபியைத் தொடும் கோப்பு அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றி ஃபார்மேட் செய்யுங்கள். அதற்கு முன் உள்ளே இருப்பதை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

பின்சேர்க்கை 3: சேவ் கோப்புகளைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தேன். அவை கேம் ஃபோல்டரில் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. பெரும்பாலும் டாக்குமெண்ட்ஸ், ஆப்டேட்டா, சேவ்டு கேம்ஸ் ஆகிய மூன்றில் ஒன்றில் இருக்கும். எந்தக் கேமுக்கு எங்கே என்பது பிசி கேமிங் விக்கியில் உண்டு. விண்டோஸை மறுபடி போடுவதற்கு முன் அந்த ஃபோல்டரையும் இன்ஸ்டாலர் பக்கத்திலேயே நகலெடுத்து வையுங்கள்.